ஒற்றைக் கோழி வளர்க்கிறீர்களா?

கோழி கூட்டமாக வாழ்கிற பறவை. துணை இல்லாத பெட்டைக்கோழி ஓயாமல் கத்தலாம், தன் இறகையே பிடுங்கலாம். வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதற்கு நாள் முழுக்க வேலை கொடுங்கள். தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல், கம்பையும் குருணையையும் சருகுக்குள் தூவிவிடுங்கள். காலால் சீய்த்துச் சீய்த்துப் பொறுக்கியே பொழுதை ஓட்டிவிடும். கீரைக்கட்டைத் தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டால் எக்கி எக்கிக் கொத்தும்.

மண் குளியல் கட்டாயம் வேண்டும். மழை படாத மூலையில், அகலமான பழைய டப்பில் காய்ந்த மண்ணும் மணலும் கலந்து வையுங்கள். ஒருபக்கமாகச் சாய்ந்து, சிறகை விரித்து, மண்ணை இறகுக்குள் வாரி இறைத்துக்கொண்டு அரை மணி நேரம்கூடக் கிடக்கும். பேன் தொல்லையும் குறையும்.

பஞ்சாரத்தில் கவிழ்த்தே வைக்காதீர்கள், பாவம். நீங்கள் செடிக்குத் தண்ணீர் விடும்போது கூடவே திரியட்டும். பேச்சுக் கொடுங்கள், குரல் கேட்டதும் ஓடிவரும்.

ஆனாலும் இன்னொரு கோழிக்கு நாம் ஈடாக மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன். துணை வாங்கினால் முதல் மூன்று, நான்கு வாரம் தனி இடத்தில் வைத்து, நோய் ஏதும் இல்லையா என்று பாருங்கள். அப்புறம் நடுவில் கம்பிவலை வைத்துப் பழக்கி, சீறல் அடங்கியதும் சேர்த்துவிடுங்கள்.