தலை வடிவ வாசனைக் குப்பியை எப்படிப் பார்ப்பது

கிரேக்கக் காட்சிப் பெட்டிக்குள் தலைக்கவசம் போட்ட வீரனின் குட்டித் தலை ஒன்று நீலப் பச்சையாக இருந்தால், முகத்தைக் கடைசியில் பாருங்கள். நான் முதல் தடவை முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பென்சிலோடு திரும்பப் போய் பக்கவாட்டில் வரைந்தபோதுதான் காதுக்குப் பின்னால் மேலிருந்து கீழே ஓடும் மெல்லிய மேடு கண்ணில் பட்டது. முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனி அச்சில் எடுத்து ஒட்டிய இடம் அது. அதைத் தேடித் தேய்த்து மழுக்கியிருப்பார்கள், ஆனாலும் கழுத்தோரம் தப்பிவிடும்.

முதலில் குனிந்து, குப்பி உங்கள் கண் மட்டத்துக்கு வரும்படி நில்லுங்கள். படத்தில் பெரிதாகத் தெரிந்தது நேரில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அப்புறம் உச்சந்தலையைப் பாருங்கள். தட்டையான வட்ட விளிம்பு, நடுவில் சின்னத் துளை. உள்ளே இருந்தது வாசனை ஏற்றிய எண்ணெய். துளை சிறிதாக இருந்தால் ஒரேயடியாகக் கொட்டாது. வழிகிற சொட்டை அந்த விளிம்பாலேயே தோலில் தடவிக்கொள்ளலாம். இந்த வகைக் குப்பிக்கு அரிபல்லோஸ் என்று பெயர்.

அடுத்து, உடைந்த மூலை இருக்கிறதா என்று தேடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். சுட்ட களிமண் என்றால் உடைப்பு பழுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். இந்த நீலப் பச்சைக் குப்பி ஃபயான்ஸ் என்ற பொருளால் ஆனது; அதன் உடைப்பு சர்க்கரைக்கட்டியை உடைத்ததுபோல வெளுத்துப் பொரபொரவென்று இருக்கும், ஏனென்றால் அது களிமண்ணே இல்லை: அரைத்த குவார்ட்ஸ் மணல், கொஞ்சம் சுண்ணாம்பு, கார உப்பு. குழைத்து அச்சிலிட்டு உலர விட்டால் உப்பு மேற்பரப்புக்கு ஏறி நிற்கும். சூளையில் அதுவே உருகிக் கண்ணாடிப் பூச்சாகும். செம்பு கலந்தால் அந்த நீலப் பச்சை. எகிப்தியர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கையாண்ட வித்தை, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கிரேக்கரின் (இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலும் அருகிலுள்ள தீவுகளிலும் வாழ்ந்தவர்கள்) கைக்கும் வந்திருந்தது. அத்தீவுகளில் ஒன்றான ரோட்ஸில், கமீரோஸ் என்ற பழைய நகரத்தின் கல்லறைகளிலும் ஃபயான்ஸ் குப்பிகள் கிடைத்திருக்கின்றன. இத்தாலியின் ஃபயன்சா நகரத்து மெருகுப் பீங்கானுக்கும் இதே பெயர்தான். ஆனால் அது களிமண், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, இப்போது முகத்துக்கு வாருங்கள். பூச்சு தேய்ந்த இடங்களில் நிறம் வெளுத்திருக்கும்; மூக்கு நுனியும் தாடையும்தான் முதலில் போகும். தலைக்கவசத்தின் கன்னத் தகடு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பாருங்கள். அந்த விளிம்பைப் பிடித்துவிட்டால் உதட்டோரம் ஒரு சின்னப் புன்னகை இருப்பது தெரியும்.