டோக்கியோ போகிறீர்களா? கெட்டிலின் அடியைப் பாருங்கள்

முதல்முறை தனியாக டோக்கியோ போன அக்கா மகள் வீடியோ காலில் வந்தாள். "சித்தி, அரை மணி நேரமா வச்சிருக்கேன், தண்ணி கொதிக்கவே மாட்டேங்குது!" ஒரு கையில் உப்புமா பாக்கெட், எதிரே நம்மூர் கெட்டில்.

கெட்டிலைக் குறை சொல்ல முடியாது. நம் வீட்டில் 230 வோல்ட், ஜப்பானில் 100. அதனால் கிடைக்கும் சூடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

கிளம்பும் முன் சாமானில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 'இன்புட் 100–240 வோல்ட்' என்றிருந்தால் தாராளமாக எடுத்துப் போகலாம். போன் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். 220–240 மட்டும் என்றால் வேண்டாம். ஹேர் ஸ்ட்ரெய்ட்னரையும் மறக்காமல் பாருங்கள்.

அப்புறம், அறைக்குள் நுழைந்ததும் அலமாரியைத் திறந்து பாருங்கள். அவள் அறையில் ஓட்டல்காரர்கள் வைத்த கெட்டில் அங்கேதான் இருந்தது.