சிவப்பை மட்டும் பார்த்தால் ரத்தம் புரியாது

உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து, அசைக்காமல் நிறுத்தி வைத்தால் அது மெல்லப் பிரியும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, ஏறக்குறைய 55 சதவீதம். அடியில் சிவப்பணுக்கள், ஏறக்குறைய 45 சதவீதம். நடுவே வெண்மையாக ஒரு மெல்லிய படலம். வெள்ளையணுக்களும், பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களும் அதில்தான் இருக்கின்றன. ரத்தம் பற்றி நம் வீடுகளில் நடக்கும் தவறுகள் பலவும், இத்தனையையும் ஒரே சிவப்புத் திரவமாக நினைப்பதால் வருபவை.

பீட்ரூட் சாறு குடித்தால் ரத்தம் ஊறும் என்பது அப்படி ஒன்று. பீட்ரூட்டின் நிறத்துக்கும் ஹீமோகுளோபினுக்கும் தொடர்பில்லை, அதில் இரும்புச்சத்தும் குறைவு. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் உண்மையாகவே உதவும். கீரை, பயறு சாப்பிடுபவர்கள் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதைக் கெடுக்கும். இரும்பு மாத்திரைக்கும் இதே கதைதான். அப்புறம், ஹீமோகுளோபின் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்காதீர்கள். அதிக மாதவிடாய்ப் போக்கு, மூலம், கொக்கிப்புழு, பி12 குறைபாடு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா இருப்பவருக்கோ உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுதியாக இருக்கக்கூடும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது டெங்கு நேரத்துத் தவறு. "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை. ஒன்றரை லட்சத்துக்குமேல் இருக்க வேண்டியது நாற்பதாயிரம் ஆகிவிட்டது என்றதும் பப்பாளி இலை தேடி ஓடுகிறார்கள். ஆனால் டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணு குறைவதல்ல, பிளாஸ்மா கசிவதுதான். நுண்குழாய்களின் சுவர் வழியே நீர்ப்பகுதி வெளியேறிவிடுகிறது. மிச்சமுள்ள ரத்தம் கெட்டியாகி, ரத்த அழுத்தம் விழுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், ஏறுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். இந்தக் கசிவு வருவதோ பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில். "காய்ச்சல் விட்டுடுச்சு, சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாள்தான் ஆபத்தான நாளாக இருக்கக்கூடும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும், ஆஸ்பிரினும் இபுபுரோஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரை நெருக்குவதும் வேண்டாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், தட்டணு 20,000-க்குக் கீழே இருந்த பெரியவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றியும் ரத்தக்கசிவு குறையவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின.

ரத்தம் ஏற்றும்போது "முழு ரத்தமே கொடுங்கள்" என்று கேட்பவர்களும் உண்டு. ரத்தசோகைக்குத் தேவை சிவப்பணு மட்டும். கூடவே போகும் பிளாஸ்மா, பலவீனமான இதயத்துக்கு வீண் சுமை. அதே பிளாஸ்மா தீக்காயம் பட்ட இன்னொருவருக்குப் பயன்படலாம்.

தானம் கொடுத்தால் உடம்பு இளைத்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ஓடும்போது எடுப்பது 350 முதல் 450 மில்லிதான். நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஈடாகும். ஆனால் பிறந்தநாளுக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சிவப்பணுக்களை ஒரு மாதத்துக்கு மேலும் குளிரில் வைத்திருக்கலாம், தட்டணுக்களோ வழக்கமாக 5 நாள்தான் தாங்கும். புற்றுநோய் வார்டில் அவற்றுக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் யாராவது புதிதாக வந்து கை நீட்டியாக வேண்டும்.