மாலையைக் கழற்றிய மறுநாள்: குறைந்த எடை ஏன் திரும்புகிறது?

தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்துபோய் வந்தவர் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். கவுச்சி இல்லை, ஒருவேளைச் சாப்பாடு, கடைசியில் மூன்று நாள் நடை. வீடு திரும்பும்போது பேண்ட் இடுப்பில் நிற்காது. மாலையைக் கழற்றிய முதல் ஞாயிறு ஆட்டுக்கறி. பங்குனி உத்திரத்துக்குள் அதே பேண்ட் பழையபடி பிடிக்கும்.

விரதத்துக்கு அது சரி. டயட்டையும் அப்படியே கழற்றி வைப்பதுதான் முதல் தவறு. தங்கச்சி கல்யாணத்துக்கு என்று நான் 9 கிலோ இறக்கினேன். பந்தி முடிந்தது, டயட்டும் முடிந்தது. அடுத்த ஆடிக்குள் 10 கிலோ ஏறியிருந்தது.

அப்போது எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று நினைத்தேன். பாதிதான் உண்மை. இளைக்கும்போது, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. 10 வாரம் கடும் டயட் இருந்தவர்களை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை, பசியும் அடங்கவில்லை. அமெரிக்க டிவி போட்டி ஒன்றில் எக்கச்சக்கமாக இளைத்த 14 பேரை 6 வருடம் கழித்துச் சோதித்தபோது, சும்மா இருக்கையில் அவர்கள் உடல் எரித்தது அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு சிக்கனம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் பட்டினி கிடந்து வேகமாக இறக்குவது ஆகாது. கொழுப்போடு தசையும் போய்விடும்; தசை குறைந்தால் எரிவதும் குறையும். புரதமும் கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

கொள்ளு விஷயத்துக்கு வருகிறேன். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதைப் பிடித்துக்கொண்டு காலையில் கொள்ளு ரசம், மதியம் வழக்கம்போல மலையாகச் சோறு என்றால் என்ன நடக்கும்? 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வெந்த கொள்ளில் தங்கிவிடும். தண்ணீரை நாம் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்கு வைத்தால் லாபம் மாட்டுக்குத்தான். கடைந்து சாப்பிடுங்கள், சோற்றைக் குறைத்துக்கொண்டு.

பேக்கரியையும் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் நாலு மணி டீ என்பது டீ மட்டுமா? தேங்காய் பன்னும் பப்ஸும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். டயட் நாட்களில் தவிர்த்ததை, இளைத்த தெம்பில் 'இன்னிக்கு ஒண்ணுதானே' என்று எடுப்போம்.

எடைக்குறைப்பு ஊசி போடுபவர்களுக்கும் இது பொருந்தும். அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியதாக ஆய்வு உண்டு. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இலக்கைத் தொட்டதும் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது இன்னொரு தவறு. எடையைத் தக்கவைத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் கண்காணிக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பை அசைப்பவர்கள்.

நான் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் முன் மெஷினில் ஏறுகிறேன். 2 கிலோ கூடியிருந்தால் அந்த வாரம் பேக்கரி இல்லாத தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். அப்படி ஒரு தெருவைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நாள் ஆயிற்று.