லாரி முந்தினால் தள்ளாடிய மோட்டார்ஹோம்: என் அனுபவம்

எங்களுடையது பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பழைய சி வகை மோட்டார்ஹோம், அதாவது வேனின் முன்பாகத்தோடு கட்டிய நடமாடும் வீடு. மேற்கு டெக்சாஸில் ஐ-10 சாலையில் பெரிய லாரி முந்தினாலே வண்டியை முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். ஸ்டீயரிங்கைத் திருத்தித் திருத்தியே தோள்பட்டை விட்டுப்போகும்.

ஸ்டீயரிங் டேம்பர் போடு என்றார்கள் பலரும். அது ஸ்டீயரிங்குக்கான ஷாக் அப்சார்பர் மாதிரி; அதிர்வைக் குறைக்கும், வண்டி நேராக ஓடாமல் அலைவதற்கு மருந்தல்ல. தண்ணீர், பெட்ரோல், சாமான் எல்லாம் ஏற்றி, லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போட்டேன். எந்தச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று சொல்லும் டயரின் சுமை அட்டவணையோடு ஒப்பிட்டால் முன்பக்கம் காற்று அதிகம். அட்டவணைப்படி குறைத்ததுமே பாதி நிம்மதி.

மீதி காஸ்டரில் இருந்தது. முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம் அது. குறைந்தால், வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராகாது. எங்களுக்கு 2 டிகிரிதான். அதே சுமையோடு அலைன்மென்ட் கடைக்குப் போய், அந்தக் கோணத்தை நிர்ணயிக்கும் புஷ் (bush) என்ற வளையத்தை மாற்றி 5 டிகிரிக்கு ஏற்றினோம்.

பின்பக்கம் வாலாட்டியதற்கு டிராக் பார் போட்டோம், அதாவது அச்சையும் வண்டியின் அடிச்சட்டமான சேஸியையும் குறுக்கே பிணைக்கும் இரும்புத் தண்டு. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் லாரி முந்தும்போது வண்டி இப்போது லேசாகத்தான் அசைகிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் டிராக் பாரின் போல்ட்டுகளை, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் (torque wrench) மறுபடி முறுக்கிப் பாருங்கள்.