ஹெட் போர்ட்டிங்: ஓட்டைய பெருசாக்குறதுக்கு முன்னாடி இத படிச்சுட்டு கிரைண்டர எடுங்க

போர்ட்டிங்னு சொன்னாலே நம்ம ஊர்ல எல்லாருக்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் தான் ஞாபகம் வரும், ஆனா அது டூ ஸ்ட்ரோக், அதுல போர்ட் இருக்கறது சிலிண்டர் பிளாக்ல, அங்க தேய்ச்சா போர்ட் தொறக்குற டைமிங்கே மாறிடும், அது தனி கதை. இங்க சொல்லப்போறது ஃபோர் ஸ்ட்ரோக் ஹெட்டு, அதாவது சிலிண்டர் மேல மூடி மாதிரி உக்காந்து வால்வுகள தாங்குற பாகம். கார்புரேட்டர்ல (கார்ப்) இருந்து வர்ற காத்து வால்வு வரைக்கும் போற குகை இருக்குல்ல, அதுதான் போர்ட், அத சரி பண்றது.

முதல்ல பழக ஒரு ஹெட்டு வாங்குங்க. ஓட்டிக்கிட்டு இருக்கற வண்டியோட ஹெட்டுல கை வெக்காதீங்க. புதுப்பேட்டை பக்கம் போனீங்கன்னா பழைய ஸ்ப்ளெண்டர் ஹெட்டு கெடைக்கும், கூடவே தேஞ்சுபோன ஒரு பிளாக்கையும் வாங்கிக்கோங்க, எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். நான் முதல் ஹெட்ட எப்படி கெடுத்தேன்னா, உள்ள எட்டிப்பாத்து கீழ தரை மேடா இருக்கே, காத்த இதுதான் தடுக்குதுன்னு நெனச்சு அத நல்லா வழிச்சு எடுத்துட்டேன். பாக்க சூப்பரா இருந்துச்சு. வண்டில மாட்டினா ஸ்டாக்க (கம்பெனில இருந்து வந்த மாதிரி) விட மோசம், மேம்பாலம் ஏற செகண்ட் கியர் கேக்குது.

ஏன்னா, கொல்லிமலை ஹேர்பின்ல வேகமா போனா வண்டி உள்பக்கம் ஒட்டி திரும்பாது, வெளிய தான் இழுத்துட்டு போகும். காத்தும் அதே மாதிரிதான். போர்ட்ல வேகமா வந்து வால்வு பக்கம் கீழ திரும்பணும், அந்த உள்வளைவு, அதாவது போர்ட்டோட தரை முடிஞ்சு சீட் (வால்வு வந்து உக்காந்து மூடுற வளையம்) ஆரம்பிக்குற இடம், அதுதான் ஹேர்பின். அங்க இருக்கற மேட்ட வழிச்சா வளைவு இன்னும் செங்குத்தா ஆயிடும், காத்து தரைய விட்டு பிச்சுக்கிட்டு எதிர் சுவத்துல போய் மோதும், வால்வோட ஒரு பக்கம் சும்மாவே கெடக்கும். ஓட்ட பெருசு, ஆனா போற காத்து கம்மி. அதனால தரைல கூரா இருக்கற முனைய மட்டும் உப்புத்தாள் வெச்சு உருட்டி விடுங்க, ஆழமா போகாதீங்க. எடுத்தே ஆகணும்னா மேல்கூரைல எடுங்க, அதையும் அளவா.

சாமான்னு பாத்தா, ஃபுட் பெடல் வெச்ச ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட் கிரைண்டர் இருந்தா நல்லது, ஸ்பீடு கைக்கு அடங்கும். அலுமினியத்துக்குன்னு பல்லு அகலமா இருக்கற கார்பைடு பர் (கிரைண்டர்ல மாட்டி சுத்துற அரம்) தனியா விக்கும், அதத்தான் வாங்கணும், இரும்புக்கு உள்ளத போட்டா ரெண்டே நிமிஷத்துல பல்லுக்குள்ள அலுமினியம் அப்பிக்கும். நடுநடுவுல மண்ணெண்ணெய் இல்லனா டபிள்யூடி-40 தொட்டுக்கிட்டா ஒட்டாது. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், அந்த பொடி தும்மல்ல கூட வெள்ளியா வரும்.

வரிசை முக்கியம். வால்வு கைடுல (வால்வு தண்டு ஏறி எறங்குற குழாய்) ஆட்டம் இருந்தா மொதல்ல கைட மாத்துங்க, அப்புறம் போர்ட், அதுக்கப்புறம்தான் சீட் கட்டிங். சீட் கட்டரோட பைலட், அதாவது அத நேரா பிடிக்கிற நடு கம்பி, உக்காறதே கைடுலதான், கைடு ஆடினா சீட்டும் கோணிடும். தவிர போர்ட் தேய்க்கும்போது பர் வழுக்கி சீட்ல லேசா கீறிட்டா கூட, பின்னாடி கட் பண்றப்போ போயிடும். பெரிய பள்ளம் விழுந்தா சீட்டே மாத்தணும், அதனால மேனிஃபோல்ட் (கார்பையும் ஹெட்டையும் சேக்குற குழாய்) பக்கத்துல இருந்து தேய்க்கும்போது பழைய வால்வு ஒண்ண உள்ள போட்டு மூடி வெச்சுக்கோங்க.

இப்போ நெஜமான வேல. நீளமா போர்ட் முழுக்க நோண்டறதுல பெருசா ஒண்ணும் வராது, லாபம் முக்காவாசி சீட்டுக்கு மேலயும் கீழயும் உள்ள அந்த ஒரு எட்டு பத்து எம்எம்ல தான் இருக்கு. ஃபேக்டரில சீட் ரிங்க அழுத்தி வெச்சிருப்பாங்க, அதுக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல விரல் விட்டு பாத்தா ஒரு படி தட்டுப்படும். அந்த படிய எடுத்து வழவழன்னு சேத்து விடுங்க. தொண்டையோட (சீட்ட ஒட்டி போர்ட் குறுகுற இடம்) அகலம் வால்வு விட்டத்துல 85ல இருந்து 90 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 28 எம்எம் வால்வுன்னா 24, 25 எம்எம். ஸ்டாக்லயே அவ்ளோ இருந்தா தொடவே வேணாம். கைடு துருத்திக்கிட்டு இருக்கற இடத்துல கைட வெட்டாம, சுத்தி உள்ள அலுமினியத்த மட்டும் ரெண்டு பக்கமும் மெலிசாக்கி தண்ணி சொட்டு மாதிரி வடிவத்துக்கு கொண்டு வாங்க.

மேனிஃபோல்ட் பொருத்தம் பாக்கறப்போ நடுவுல வெக்கிற பேக்கிங் (கேஸ்கெட்) ஓட்டைய அளவா வெச்சு கோடு போடாதீங்க, பேக்கிங் ஓட்டை பெரும்பாலும் போர்ட்ட விட பெருசாதான் இருக்கும். மேனிஃபோல்ட் வாய் ஹெட்டோட வாய விட ஒரு முடி சின்னதா இருந்தா பரவால்ல, பெருசா இருந்தா தான் காத்து போய் விளிம்புல முட்டும். எக்ஸாஸ்ட் பக்கமும் இதே கணக்குதான், போற தெசைல அடுத்தது பெருசா இருக்கலாம், அதாவது பெண்ட் பைப் போர்ட்ட விட பெருசா இருக்கலாம்.

பாலிஷ் விஷயத்துல தான் நெறைய பேர் ஏமாறுறாங்க. இன்டேக்க (காத்து உள்ள வர்ற போர்ட்) கண்ணாடி மாதிரி ஆக்கி ஃபோட்டோ போடுவாங்க, வேலைக்கு ஆகாது, வழவழப்பா இருந்தா பெட்ரோல் சொட்டு சொட்டா சுவத்துல ஒட்டி வழியும். 80 நம்பர் உப்புத்தாளோட நிறுத்திக்கோங்க. எக்ஸாஸ்ட்ல பெட்ரோல் இல்ல, அங்க வேணா ஆச தீர பாலிஷ் போடுங்க, கார்பன் சீக்கிரம் பிடிக்காது.

சேம்பர்ல (ஹெட்டுல பெட்ரோல் எரியுற குழி) வால்வு பக்கத்து சுவர எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. ஸ்ப்ளெண்டர் 97.2 சிசி, கம்ப்ரஷன் 9:1னு வெச்சுக்கிட்டா பிஸ்டன் மேல ஏறினப்புறம் மிச்சம் இருக்கற இடமே சுமார் 12 சிசி தான். அதுல 1 சிசி கூட்டினீங்கன்னா கம்ப்ரஷன் 8.4க்கு இறங்கிடும். சின்ன இன்ஜின்ல இதெல்லாம் உடனே தெரியும்.

சீட் கட்டிங் நம்பிக்கையான லேத் பட்டறைல குடுங்க, 30, 45, 60னு மூணு ஆங்கிள் கேளுங்க. வால்வு உக்காறது அந்த 45ல. இன்டேக்ல சீட் அகலம் 1 எம்எம் கிட்ட, எக்ஸாஸ்ட்ல கொஞ்சம் கூட, ஏன்னா எக்ஸாஸ்ட் வால்வோட சூடு பெரும்பாலும் சீட் வழியாதான் ஹெட்டுக்கு எறங்கும், ரொம்ப ஒல்லியாக்கினா வால்வு கருகிடும். அப்புறம் வால்வையும் சீட்டையும் பேஸ்ட் வெச்சு தேய்ச்சு லேப் பண்ணி, ஸ்பிரிங் மாட்டி, போர்ட்ல பெட்ரோல் ஊத்தி அஞ்சு நிமிஷம் பாருங்க, சேம்பர் பக்கம் கசியக்கூடாது.

அந்த பழைய பிளாக் எதுக்குன்னா, ஹெட்ட அதுமேல வெச்சு கீழ வேக்யூம் கிளீனர் ஹோஸ மாட்டி, பிளாக் பக்கத்துல ஒரு ஓட்டை போட்டு யு மாதிரி வளைச்ச ட்யூப்ல கலர் தண்ணி ஊத்தி சொருகுங்க. இன்டேக் வால்வ 1 எம்எம், 2 எம்எம்னு அழுத்தி தண்ணி எவ்ளோ ஏறுதுன்னு எழுதுங்க. வால்வு எவ்ளோ தொறந்திருந்தப்போ எடுத்தீங்களோ அதே அளவுல, தேய்ச்சப்புறம் தண்ணி கம்மியா ஏறினா காத்து கூட போகுதுன்னு அர்த்தம். தேய்க்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவ எடுத்துருங்க, நான் அத எடுக்காம விட்டதாலதான் முதல் ஹெட்ட வண்டில மாட்டற வரைக்கும் கெட்டது தெரியல. லிஃப்ட், அதாவது வால்வு தொறக்குற அளவு, வால்வு விட்டத்துல கால் பங்குக்கு மேல போனா, 28க்கு 7 எம்எம், அப்போதான் போர்ட்டே தடையா மாறும், அதுக்கு கீழ எல்லாம் சீட்டோட ராஜ்ஜியம்.

மாட்டறதுக்கு முன்னாடி சோப்பு தண்ணி, பிரஷ், கம்ப்ரஸர் காத்து, ஆயில் வர்ற ஓட்டைய ரெண்டு தடவ ஊதுங்க, ஒரு துணுக்கு அலுமினியம் போனாலும் கேம் சீப்பட்டுடும். ஸ்டெம் சீல் (வால்வு தண்டு வழியா ஆயில் எறங்காம தடுக்குற ரப்பர்) புதுசு போடுங்க, டேப்பட் கேப்ப சரியா வெச்சுக்கோங்க. கார்ப்ல மெயின் ஜெட் (பெட்ரோல் வர்ற ஓட்டை) ஒரு நம்பர் ஏத்தி ஆரம்பிச்சு, ஃபுல் த்ராட்டில்ல ஒரு இழுப்பு இழுத்து அப்படியே கிளட்ச் புடிச்சு ஆஃப் பண்ணி பிளக்க கழட்டி பாருங்க, வெள்ளையா இருந்தா இன்னும் ஏத்துங்க, கரியா இருந்தா எறக்குங்க. எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டில ஜெட் கெடையாது, மேப் (பெட்ரோல் அளவ சொல்ற ப்ரோக்ராம்) மாத்த வேண்டி வரும், அந்த செலவையும் சேத்து யோசிச்சுட்டு ஹெட்ட கழட்டுங்க.