ஃபைபர் பானட்டா? முதலில் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள்

பழைய காருக்கு ஃபைபர் பானட் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் மேல்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். அது பளபளவென்றுதான் இருக்கும். மோல்டு, அதாவது அச்சு, வழவழப்பாக இருந்தால் அதிலிருந்து வருவதும் வழவழப்பாகத்தான் வரும். செய்தவர் கிளாஸ் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பை) எப்படி விரித்தார், அதை ஊறவைத்து இறுக்கும் ரெசின் பிசினை எவ்வளவு ஊற்றினார், ரோலரை எவ்வளவு பொறுமையாக உருட்டினார் என்பதெல்லாம் முதுகுப் பக்கத்தில்தான் தெரியும். அதனால் கடைக்குள் போனதும் அதைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். கவிழ்க்க யோசிக்கிற இடத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

நான் அம்பத்தூரில் ஃபைபர் ஷெட்டில் வேலை பார்த்தவன். பஸ் முகப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு என்று கையில் ரெசின் காயாத வருஷங்கள். கார் பக்கம் வந்தது பிற்பாடுதான், மாமனாரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் என் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு. ஆகவே ஹெரால்டை வைத்தே சொல்கிறேன். உங்களிடம் வேறு வண்டி இருந்தாலும் பார்க்கும் முறை இதுதான்.

ஹெரால்டு இந்த வேலைக்குத் தோதான வண்டி. அதற்கு ஒரு காரணக் கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1953-ல் வாங்கிக்கொண்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் தனியாக ஒரு சேசிஸ் (அடிச்சட்டம்), அதன்மேல் துண்டு துண்டாக போல்ட்டில் பூட்டும் பாடி என்று முடிவெடுத்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வடிவம் வரைந்தார். 1959-ல் அங்கே வெளிவந்தது, 1961-லிருந்து நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. பானட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டு. முன்பக்கம் கீல் வைத்து, மொத்தமும் முன்னால் சாய்ந்து திறக்கும். கழற்றுவதற்குச் சில போல்ட்டும் ஒயர் கனெக்டர்களும்தான்.

எதை ஃபைபரில் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஹெரால்டில் பானட், முன்பம்பருக்குக் கீழே இருக்கும் வேலன்ஸ் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் சில் கவர் மூன்றையும் தாராளமாகப் போடலாம். பாரத்தைத் தாங்குவது சேசிஸ். சில் வெறும் மூடிதான். ஆனால் அதே சேசிஸ் வழியில் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் பக்கவாட்டுச் சட்டம் கிடையாது, சில்தான் பாரம் தாங்குகிறது. அங்கே ஃபைபர் சில் போட்டால் கார் நடுவில் தொய்யும். அம்பாசிடர், ஃபியட் 1100 இரண்டிலும் பாடியேதான் சேசிஸ். வெல்டு வைத்த எந்தத் தகடையும் அவற்றில் ஃபைபராக மாற்றாதீர்கள். கதவை எந்த வண்டிக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை. கீலும் லாக்கும் கண்ணாடி மெஷினும் அதில்தான் தொங்குகின்றன. பக்கத்திலிருந்து யாராவது இடித்தால் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது அந்தத் தகடுதான்.

எந்த முகம் என்பதையும் சரிபாருங்கள். இங்கிலாந்தில் கிடைக்கும் ஃபைபர் பானட்டுகளில் ஹெரால்டு 1200-க்கு ஒன்று, 13/60-க்கு வேறு ஒன்று, நாலு விளக்கு வைத்த வைட்டெஸ்ஸுக்கு இன்னொன்று. ஹெரால்டுக்குப் பின் நம் ஊரில் வந்த கேசலின் முகம் தனி. ‘ஹெரால்டு பானட்’ என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டியின் கிரில், விளக்கு வளையம் இரண்டையும் போட்டோ எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து அனுப்புங்கள்.

சரி, கவிழ்த்தாகிவிட்டது. என்ன பார்க்கவேண்டும்?

நன்றாக ஊறிய மேட் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். இழைகள் உள்ளே மங்கலாகத்தான் தெரியும். வெள்ளை வெள்ளையாக இழை தூக்கி நின்றால் ரெசின் போதவில்லை என்று அர்த்தம். தண்ணீர் அந்த இழை வழியே உள்ளே போகும். பள்ளங்களில் ரெசின் குளம் கட்டி, மேட்டே தெரியாமல் மஞ்சளாக உறைந்திருந்தால் அது இன்னும் மோசம். பலம் கொடுப்பது கண்ணாடி இழை. வெறும் ரெசின் ஒரு தட்டில் விரிசல் விடும். கையால் போடும் வேலையில் ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ ரெசின் என்பதுதான் கணக்கு.

அப்புறம் மூலைகள். மட்கார்டு வளைந்து விளக்குக் கிண்ணத்தைச் சந்திக்கும் இடம், சக்கர வளைவின் உள்மடிப்பு, கிரில் திறப்பின் ஓரம் ஆகியவற்றில் மேட் தானாக மடங்காது. பொறுமை இல்லாதவர் அதை அழுத்தாமல் விட்டால், மேலே தெரியும் வழவழப்பான பூச்சான ஜெல்கோட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே காற்று தங்கிவிடும். வாங்கும்போது ஒன்றும் தெரியாது. பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்திய பிறகு அந்தக் காற்று விரிந்து, மேலே முட்டை ஓடு போல உடைந்து விழும். இதைக் கண்டுபிடிக்க ஐந்து ரூபாய்க் காசு போதும். ஓரத்தையும் மூலையையும் காசால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் ‘டக் டக்’ என்று ஒரே சத்தம் வரும். காற்று இருக்கும் இடத்தில் சத்தம் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ‘பொத் பொத்’ என்று மாறும். சாக்பீஸால் வட்டம் போட்டுவைத்து, கடைக்காரரிடம் காட்டுங்கள். ஜெல்கோட் வெளிர்நிறமாக இருந்தால் இருட்டில் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். மெல்லிய இடமும் காற்றுப் புள்ளியும் தெரிந்துவிடும்.

முதுகு முழுக்கச் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதாவது பூசி அழகாக வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல வேலையையும் சிலர் அப்படி மூடுவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ கேளுங்கள்.

கனத்துக்கு ஒரு எளிய கணக்கு: சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு போட்டால் சுமார் ஒரு மில்லிமீட்டர் வரும். ஜெல்கோட் அரை மில்லிமீட்டர். பானட்டின் அகலமான பகுதிக்கு இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வேண்டும், ஓரங்களுக்கும் கீல் பிடிக்கும் இடத்துக்கும் நாலைந்து. அதைவிட மெல்லியதாக இருந்தால் நெடுஞ்சாலைக் காற்றில் பானட் படபடக்கும். ஜெல்கோட்டை அதிகம் தடித்தாலும் தப்பு; நட்சத்திரம் போலச் சின்னச் சின்ன விரிசல் விடும். மூன்று மில்லிமீட்டர் ஃபைபர் சதுர மீட்டருக்கு நாலரை கிலோ வரும்; 0.9 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஏழு கிலோ. பானட்டைத் தராசில் வையுங்கள். இரும்பின் எடையில் பாதிகூட வரவில்லையென்றால் மேட் திருடப்பட்டிருக்கிறது. இரும்பு அளவுக்கே கனத்தால் ரெசினும் பள்ளம் அடைக்கும் பட்டியும் சேர்ந்து உங்களிடம் விலை வாங்குகின்றன.

ரெசின் எது என்று கேளுங்கள். பெரும்பாலான ஷெட்டுகளில் இருப்பது சாதாரண பாலியெஸ்டர். பந்தலடியில் நிற்கும் தொட்டிக்கு அது போதும். நம் ஊர் மே மாத வெயிலில் கறுப்போ கரும்பச்சையோ அடித்த பானட்டைத் தொடக்கூட முடியாது. அந்தச் சூட்டில் சாதாரண ரெசின் லேசாக இளகி, உள்ளே இருக்கும் மேட்டின் தடம் பெயின்ட்டில் தெரிய ஆரம்பிக்கும். ஐசோ பாலியெஸ்டர் என்ற உயர்ரக ரெசின் இன்னும் கூடுதல் சூடு தாங்கும். விலை கொஞ்சம் ஏறும், பரவாயில்லை, கொடுங்கள். சாதாரண ரெசின்தான் கிடைக்கிறது என்றால் வெள்ளை, கிரீம், இளநீலம் என்று வெளிர்நிறமாக அடியுங்கள். ஹெரால்டுக்கு அதுவே அழகு என்பது என் கட்சி.

வேக்காடு, அதாவது ரெசின் இறுகியது, சரியாக இருக்கிறதா என்பதுதான் அடுத்தது. ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை. அவசர வேலையில் கூட்டிப் போடுவார்கள். சூடேறி, சுருங்கி, வடிவம் இழுத்துக்கொள்ளும். மழைநாள் ஈரத்தில் குறைத்துப் போட்டதோ உள்ளே பச்சையாகவே நிற்கும். முதுகுப் பக்கத்தில் மூக்கை வையுங்கள். ரெசின் நெடி குப்பென்று அடித்தால் இன்னும் வேகவில்லை. பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அதை வாங்காதீர்கள். மோல்டுக்குள் எத்தனை நாள் விட்டார்கள் என்றும் கேளுங்கள். காலையில் போட்டு மாலையில் பிடுங்கியது, சுவரில் சாய்த்து வைத்த வாக்கிலேயே கோணிக்கொள்ளும்.

மோல்டு எந்த காரிலிருந்து எடுத்தது என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இடிபட்டு, பட்டி பூசி நிமிர்த்திய பானட்டிலிருந்து மோல்டு எடுத்திருந்தால் அந்தக் கோணல் ஒவ்வொரு பானட்டிலும் அச்சாக வரும். அட்டையில் இடதுபக்க விளக்கு வளைவை வெட்டி எடுத்து, அதைத் திருப்பி வலதுபக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீல் புள்ளியிலிருந்து பின் ஓரம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தை கீலை நகர்த்திச் சரிசெய்யலாம். பத்து வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கீலும் பூட்டும் பிடிக்கும் இடங்களில் உள்ளே இரும்புத் தகடு பதித்து, மேலே மேட் போட்டு மூடியிருக்கவேண்டும். ஹெரால்டு பானட்டின் மொத்தப் பாரமும் முன்பக்கக் கீல் இரண்டில் நிற்கிறது. திறக்கும்போது ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்குவோம், அது முறுக்கும். வெறும் ஃபைபரில் துளை போட்டு போல்ட் மாட்டினால் துளையின் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். துளையை போல்ட்டைவிட ஒரு சுற்று பெரிதாக வைத்து, அகல வாஷர் போட்டு, நெரிக்காமல் இறுக்கச் சொல்லுங்கள். பானட்டின் இரண்டு பின் மூலைகளையும் இரண்டு பேர் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் கொஞ்சம் வளைந்து, விட்டதும் பழைய நிலைக்கு வரவேண்டும். கறுக்கென்று சத்தம் கேட்டால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

முழுப் பணத்தையும் காரில் மாட்டிப் பார்க்கும் முன் கொடுக்காதீர்கள். மாட்டும்போது ஒரு குரல் கட்டாயம் கேட்கும்: “இந்த இடைவெளி எல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, பட்டியில அடிச்சிடலாம்.” நானே பல வண்டிக்கு அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கதவுக்கும் பானட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியைப் பட்டி போட்டு அடைத்தால், முதல் வேகத்தடையில் அது உதிரும். ஓரத்தை வளர்க்கவேண்டுமென்றால் பின்னாலிருந்து மேட் வைத்து வளர்க்கட்டும். அதற்கு முன், கோணல் பானட்டிலா வண்டியிலா என்றும் பாருங்கள். அரிப்பில் தொய்ந்துபோன சேசிஸ் முனையில் எந்த பானட்டும் நேராக உட்காராது.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாக. மாட்டிய நிலையிலேயே சில வாரம் வெயில் காயவிட்டு அப்புறம் அடியுங்கள். மோல்டில் ஒட்டாமலிருக்கப் பூசிய மெழுகையும் பி.வி.ஏ. படலத்தையும் சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகு நீக்கி என்று கழுவாமல் தேய்க்க ஆரம்பித்தால் மெழுகு உள்ளே இறங்கிவிடும். ஜெல்கோட்டைத் தாண்டித் தேய்க்கக் கூடாது. பெயின்ட் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். அது ஜெல்கோட்டையும் சேர்த்துத் தின்னும்.

எலக்ட்ரீஷியனை அதே நாளில் வரச் சொல்லுங்கள். இரும்பு பானட்டில் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் தகடே எர்த்தாக உதவியது. ஃபைபரில் கரன்ட் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கறுப்பு ஒயர் இழுத்து சேசிஸில் சுத்தமாகத் தேய்த்த இடத்தில் முடுக்கவேண்டும். இதைச் செய்யாமல், விளக்கு மங்கலாக எரிகிறது என்று டைனமோவைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, கழற்றிய இரும்பு பானட்டை எடைக்குப் போடாதீர்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, மூல வடிவில் இருக்கும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்குத்தான் ‘வி.ஏ.’ என்ற விண்டேஜ் பதிவு. ஹெரால்டு எல்லாம் அந்த வயதைத் தாண்டிவிட்டது. அந்தப் பதிவு வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஃபைபருக்கே போகாமல், நல்ல டிங்கர் ஒருவரைப் பிடித்து இரும்பைத் துண்டு வைத்துச் சரிசெய்யுங்கள். செலவு கூடினாலும் அதுதான் வழி. எண்ணம் இப்போதைக்கு இல்லையென்றால், பழைய பானட்டுக்குத் துரு தடுக்கும் பிரைமர் அடித்து, தரையில் படாமல் சுவரில் இரண்டு கொக்கியில் மாட்டி வையுங்கள். பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் வரலாம்.